ஏற்றுமதியில் நாட்டுக்குள் தங்கியது எவ்வளவு? தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் டாக்குமென்டேஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் படிவம்), டிராபேக் (கட்டிய வரியைத் திரும்பப் பெறுவது) கணக்கு, இதுதான் என் பிழைப்பு. ஷிப்பிங் பில்லில் நாங்கள் அடிக்கும் எஃப்.ஓ.பி. மதிப்பு, அதாவது கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை, சுங்கத்துறைக்குப் போகிறது. அங்கிருந்து கொல்கத்தாவில் இருக்கும் வணிகப் புள்ளிவிவர இயக்குநரகத்துக்குப் போய், ஒவ்வொரு மாதமும் பாதியில் வணிக அமைச்சகம் வெளியிடும் ஏற்றுமதிக் கணக்காக உங்கள் கைக்கு வருகிறது. ஏறியிருந்தால் ஆளுங்கட்சி மேசையைத் தட்டுகிறது. இறங்கியிருந்தால் எதிர்க்கட்சி எழுந்து நிற்கிறது. அந்தத் தொகையில் எவ்வளவு நாட்டுக்குள் தங்கியது என்ற கேள்வி மட்டும் எந்தப் பக்கத்திலிருந்தும் அடிக்கடி காதில் விழுவதில்லை. அதைக் கேட்கச் சொல்லத்தான் இந்த மடல்.

2024-25ல் இந்தியாவின் சரக்கு ஏற்றுமதி சுமார் 437 பில்லியன் டாலர், இறக்குமதி சுமார் 720 பில்லியன். சாஃப்ட்வேர் முதலான சேவைகளையும் சேர்த்தால் மொத்த ஏற்றுமதி 825 பில்லியன் டாலருக்கு வந்துவிடுகிறது. இதை மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுத்து, ‘நாட்டின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றுமதியால் வருகிறது’ என்று மேடையில் பேசுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, கணக்கு தப்பு. ஜி.டி.பி. என்பது இந்த மண்ணில் புதிதாகச் சேர்ந்த மதிப்பின் கூட்டுத்தொகை. ஏற்றுமதி என்பது பில் தொகைகளின் கூட்டுத்தொகை. ஜாம்நகரில் வெளிநாட்டுக் கச்சா எண்ணெய் வந்து இறங்கி டீசலாகக் கப்பலேறினால் முழுத்தொகையும் ஏற்றுமதிதான். சூரத்துக்குப் பட்டை தீட்டாத வைரம் வந்து, தீட்டி வெளியே போனாலும் அப்படியே. நமக்குச் சேர்ந்தது சுத்திகரித்த கூலியும் பட்டை தீட்டிய கூலியும் அவற்றின் லாபமும்தான். மிச்சம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

பிளஸ் டூ பொருளியலில் எல்லோரும் படித்ததுதான்: நுகர்வு, முதலீடு, அரசுச் செலவு, அதோடு ஏற்றுமதி கழித்தல் இறக்குமதி. இந்தச் சமன்பாட்டை மனப்பாடம் செய்தவர்களில் பாதிப் பேர், இறக்குமதி என்றாலே தேசிய வருமானத்தைத் தின்னும் பூதம் என்ற முடிவோடு வெளியே வருகிறார்கள். அங்கே கழித்தல் குறி வந்ததற்குக் காரணம் வேறு. நீங்கள் வாங்கிய வெளிநாட்டு டி.வி. ஏற்கெனவே ‘நுகர்வு’ என்ற வரியில் ஏறியிருக்கிறது. எங்கள் கம்பெனி வாங்கிய ஜெர்மன் நிட்டிங் மெஷின் ‘முதலீடு’ வரியில் இருக்கிறது. இரண்டும் இங்கே உற்பத்தி ஆனவை அல்ல, எனவே ஏறியதை இறக்குகிறார்கள். கூட்டிக் கழித்தால் பூஜ்யம். இறக்குமதியால் வருமானம் குறைந்ததா என்று சொல்ல வேண்டுமானால், வந்த பொருளை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த நிட்டிங் மெஷினைப் பத்து வருஷம் ஓட்டித் துணி எடுக்கிறோம். தங்கத்தை வாங்கி லாக்கரில் வைக்கிறோம். 2024-25ல் தங்க இறக்குமதி மட்டும் 58 பில்லியன் டாலர். சமன்பாட்டில் இரண்டும் ஒரே ‘இறக்குமதி’தான்.

சரி, எங்கள் ஊர்க் கணக்குக்கு வருகிறேன்.

திருப்பூரின் 2024-25 ஏற்றுமதி கிட்டத்தட்ட 40,000 கோடி ரூபாய். ஒரு சாதாரண காட்டன் டி-ஷர்ட்டின் காஸ்டிங் ஷீட்டை, அதாவது செலவுக் கணக்குத் தாளை, எடுத்துக்கொள்வோம். முதல் வரி நூல். குஜராத்திலோ மகாராஷ்டிரத்திலோ தெலங்கானாவிலோ விளைந்த பஞ்சு, கோவை, திண்டுக்கல் பக்கத்து மில்லில் நூலாகி, கோன் கோனாக வருகிறது. அடுத்து நிட்டிங் கூலி, அப்புறம் சாயக்கூலி, துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங். பிரிண்டிங், எம்பிராய்டரி இருந்தால் அது தனி வரி. அதற்குப் பின் நாங்கள் சி.எம்.டி. என்று சொல்லும் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பாலி பேக், அட்டைப்பெட்டி, தூத்துக்குடி வரை லாரி வாடகை. கடைசியில் லாபம், அதுவும் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் மனது வைத்தால்.

இதில் எந்தச் செலவு வெளிநாட்டுக்குப் போகிறது? சாயத்தில் கொஞ்சம், மெஷின் ஊசியில் கொஞ்சம். பிராண்ட் லேபிளையும் ஹேங் டேக்கையும் இன்னாரிடம்தான் வாங்க வேண்டும் என்று பையர் கைகாட்டிவிடுவார், அது சில சமயம் ஹாங்காங்கிலிருந்து வரும். ஃபேன்சி ஜிப், பட்டன் இருந்தால் அதுவும். மெஷின்கள் வெளிநாட்டுச் சரக்கு, அவற்றின் தேய்மானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் தள்ளினாலும் காட்டன் டி-ஷர்ட்டின் விலையில் பெரும்பகுதி நாட்டுக்குள்ளேயே கூலியாக, வாடகையாக, மின்கட்டணமாக, பஞ்சு விலையாகப் பிரிந்து போகிறது. ஒரு ஆர்டரின் காசு விதர்பாவில் ஒரு பருத்திக்காட்டிலும், அவிநாசி ரோட்டில் ஒரு டீக்கடையிலும், ஒடிசாவில் ஒரு வீட்டிலும் போய் நிற்கிறது. எங்கள் ஊரில் இன்னமும் பல கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச்சம்பளம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குமரன் ரோடு பக்கம் வந்து பாருங்கள், நடக்க இடமிருக்காது. ஏற்றுமதிப் பணம் எத்தனை கை மாறுகிறது என்பதைப் புத்தகத்தில் ‘பெருக்கி’ என்று படிக்க வேண்டியதில்லை, செருப்புக்கடையிலும் ரீசார்ஜ் கடையிலும் நின்று பார்த்தாலே தெரியும்.

இப்போது போன் தொழிற்சாலைகள் இருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கு வாருங்கள். 2024-25ல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 14.65 பில்லியன் டாலர், நாட்டின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு போனுக்குள் இருக்கும் சிப், திரை, மெமரி, கேமரா லென்ஸ் எல்லாம் எங்கிருந்து வருகின்றன? அதிகமும் சீனா, தைவான், கொரியா, ஜப்பான். ஒரு டாலர் பனியன் ஏற்றுமதியும் ஒரு டாலர் போன் ஏற்றுமதியும் தேசிய வருமானத்தில் ஒரே அளவு ஏறாது. மாதாந்திர அறிக்கையில் மட்டும் இரண்டும் ஒரே எடை.

போன் தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2010ல் ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. அன்றைய ஐபோன் ஒன்றைத் தயாரிக்க ஆன செலவு சுமார் 179 டாலர், அதில் சீனாவில் பூட்டி முடித்த வேலைக்குக் கிடைத்தது வெறும் 6.50 டாலர். அன்றைக்கு அதைப் படித்த யாரும் சீனாவுக்கு என்ன பெரிய வருமானம் என்றுதான் கேட்டிருப்பார்கள். பின்னால் ஐபோன் எக்ஸ் வந்தபோது அதே மாதிரிக் கணக்கில் சீன நிறுவனங்களின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. மூடி, பேட்டரி, உள்பாகம் என்று ஒவ்வொன்றாக அவர்கள் கைக்குள் இழுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டு வணிகத்தால் பொருளாதாரம் வளர்வது இப்படித்தான். பில் தொகை பெருகுவது ஒரு பக்கம் இருக்கட்டும், அதற்குள் நம் பங்கு வருஷா வருஷம் ஏற வேண்டும். ஏறுகிறதா இல்லையா என்று தெரிய, முதலில் அதை அளந்தாக வேண்டும்.

அளக்காமல் காசு கொடுத்தால் என்ன ஆகும்? மொபைல் போனுக்கு 2020ல் வந்த உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில், கூடுதலாக விற்கும் தொகையில் 4 முதல் 6 சதவீதம் அரசு கொடுக்கும் என்று வைத்தார்கள். விற்பனையின் மேல், உள்நாட்டில் சேர்த்த மதிப்பின் மேல் அல்ல. ஒரு பேச்சுக்கு 100 ரூபாய்ப் பொருளில் உள்நாட்டில் சேர்ந்தது 20 ரூபாய், ஊக்கத்தொகை 5 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 ரூபாய் வருமானத்துக்கு அரசு 5 ரூபாய் போட்டிருக்கிறது, அதாவது கால்வாசி. அதே 5 ரூபாய், 70 ரூபாய் சேரும் பொருளுக்குப் போனால் பதினான்கில் ஒரு பங்கு. எது லாபம் என்று ஒரு மளிகைக்கடைக்காரர்கூடச் சொல்லிவிடுவார். 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாயில் மின்னணு உதிரிபாக உற்பத்திக்கென்று தனித் திட்டம் வந்தது, அது சரியான திசை. 2025 நவம்பரில் அமைச்சரவை 25,060 கோடி ரூபாய் ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கத்துக்கும் ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பணம் பலன் தந்ததா என்று நாளைக்கு எதை வைத்துச் சொல்லப் போகிறார்கள்? மறுபடியும் பில் தொகையை வைத்துத்தானா?

இடையில் ஒரு விளக்கம். எங்களுக்கு வரும் டிராபேக்கையும் ஆயத்த ஆடைக்கான வரித் திருப்பத்தையும் சிலர் மானியம் என்கிறார்கள். அது நாங்கள் ஏற்கெனவே டீசலிலும் மின்சாரத்திலும் பஞ்சிலும் கட்டிய வரி திரும்பி வருவது. நம் வரியை அயல்நாட்டு வாடிக்கையாளர் தலையில் கட்ட முடியாது என்பதற்காக பல நாடுகளும் செய்வதுதான். இதையும் ஊக்கத்தொகையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அடுத்து பஞ்சு. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு வரி போட்டார்கள், எல்லாம் சேர்த்து 11 சதவீதம். 2022 மே மாதம் ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நூல் விலை தாங்காமல் திருப்பூரே இரண்டு நாள் கடையடைத்தது. அதற்கு முந்தைய மாதம்தான் வரியைத் தற்காலிகமாக நிறுத்தியிருந்தார்கள், அந்த வருஷ அக்டோபரோடு அந்தச் சலுகை முடிந்து வரி திரும்பி வந்தது. 2025 ஆகஸ்ட் 19ல் மறுபடி நிறுத்தினார்கள், செப்டம்பர் 30 வரை என்றார்கள். பிரேசிலில் பஞ்சு வாங்கிக் கப்பலேற்றி இங்கே இறக்கவே அவ்வளவு நாள் ஓடிவிடுமே என்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். ஒரு ஆர்டருக்கு விலை சொல்வதற்கும் சரக்கு போவதற்கும் இடையில் மூன்று நான்கு மாதம் ஆகும். பஞ்சுக்கு வரி உண்டா இல்லையா என்று தெரியாமல் எந்த விலையைச் சொல்வது?

இந்த வரி பருத்தி விவசாயிக்குப் பாதுகாப்பு என்பது வாதம். விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதை ஆதரவு விலையிலும் பருத்திக் கழகத்தின் கொள்முதலிலும் நேரடியாகக் கொடுக்கலாம். இறக்குமதி வரியால் கொடுத்தால், தேசிய வருமானக் கணக்கில் ‘இறக்குமதி’ என்ற தொகை கொஞ்சம் சுருங்கும், அதைக் காட்டிப் பெருமைப்படலாம். கூடவே ‘ஏற்றுமதி’ என்ற தொகையில் நூலுக்குப் பின்னால் வரும் நிட்டிங், சாயம், தையல் கூலி அத்தனையும் சேர்ந்து சுருங்கும். ஏற்றுமதிக்கென்று வரியில்லாமல் இறக்குமதி செய்ய அனுமதித் திட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பெரிய மில்லுக்கு. பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் ஆர்டருக்குக் கூலி வேலை, செய்பவர் அந்த லைசென்ஸுக்கு எங்கே போவார்?

வங்கதேசத்தைப் பாருங்கள். அங்கே பருத்தி விளைச்சல் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பஞ்சையும் நூலையும் வெளியே வாங்கித்தான் தைக்கிறார்கள், நம் நூலின் பெரிய வாடிக்கையாளரும் அவர்கள்தான். அவர்கள் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆயத்த ஆடை. ஐரோப்பாவில் அவர்களுக்கு வரி இல்லை என்பதும், பஞ்சை எந்த நாட்டிலிருந்தும் தயங்காமல் வாங்குகிறார்கள் என்பதும் சேர்ந்துதான் அந்த வளர்ச்சி. ஒரு கிலோ நூலை நாம் நூலாகவே விற்றால் அதன் கதை அங்கே முடிந்தது. அதே ஒரு கிலோவை நான்கைந்து டி-ஷர்ட்டாக விற்றால் ஐந்தாறு பேர் கூலி அதில் ஏறுகிறது. நூல் ஏற்றுமதி ஏறி ஆடை ஏற்றுமதி இறங்கினால் மொத்தத் தொகை மாறாமலே இருக்கலாம், தங்கும் வருமானம் மாறிவிடும். உங்களுக்கு வரும் அறிக்கையில் அது தெரியாது.

ஏற்றுமதி இறங்கும்போது எப்படி இருக்கும் என்பதை 2025ல் பார்த்தோம். ஆகஸ்ட் 7ல் அமெரிக்கா 25 சதவீதம் வரி போட்டது, ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று ஆகஸ்ட் 27ல் இன்னொரு 25. திருப்பூர்ச் சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் அமெரிக்கா போகிறது. எங்கள் பையர் ஒருவர், பேக் ஆகி நின்ற சரக்குக்கே தள்ளுபடி கேட்டார். கொடுத்தோம். வேறென்ன செய்வது, அந்தப் பிராண்ட் அச்சடித்த சட்டையை வேறு யாரிடம் விற்பது? அந்தத் தள்ளுபடி முதலில் கம்பெனி லாபத்தில் இறங்கியது, அப்புறம் ஓவர்டைம் நின்றது, அப்புறம் ஜாப் ஒர்க் கொடுப்பது குறைந்தது. கூட்டும்போது எத்தனை கை மாறுகிறதோ, கழியும்போதும் அத்தனை கை மாறுகிறது. நாட்டுக்குள் அதிகம் தங்கும் ஏற்றுமதி விழுந்தால் அடியும் நாட்டுக்குள்தான் அதிகம் விழும். நிவாரணத்தில் யாருக்கு முன்னுரிமை என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லி முடித்தால் நொய்யல் கரை விவசாயிகள் சும்மா விடமாட்டார்கள். சாயக்கழிவு ஆற்றில் ஓடிய காலத்தில் திருப்பூர் ஏற்றுமதி கிடுகிடுவென ஏறியது. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992ல் திறந்தது, அதில் கடைசியில் தேங்கியது சாயத்தண்ணீர். கிணறுகள் உப்பாயின, காடு கழனி போயிற்று. அந்த வருஷங்களின் தேசிய வருமானக் கணக்கை எடுத்துப் பாருங்கள், டாலர் முழுசாகக் கூட்டப்பட்டிருக்கும், கிணறு எங்கேயும் கழிக்கப்பட்டிருக்காது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத சுத்திகரிப்பு ஒழுங்காக நடைமுறைக்கு வந்தது. இன்று சாயக்கூலியில் அந்தச் செலவும் இருக்கிறது. சட்டை விலை கூடியது உண்மை. முன்பு விலை குறைவாக இருந்ததற்குக் காரணம், மீதியை வேறு யாரோ கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தச் செலவு இல்லாத நாட்டோடு நாம் போட்டி போடுகிறோம் என்பதை வணிக ஒப்பந்தப் பேச்சில் யாராவது மேசையில் வைத்தார்களா என்று கேளுங்கள்.

ஜி.டி.பி. எண்ணை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து இருக்கிறது. 2015ல் அதன் ஜி.டி.பி. ஒரே வருஷத்தில் கால்வாசி ஏறியது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளையும் சொத்துகளையும் அந்த நாட்டுக் கணக்குக்கு மாற்றியதன் விளைவு அது, சாதாரண ஐரிஷ்காரர் வீட்டில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் அவர்களே தங்களுக்கென்று திருத்திய தேசிய வருமானம் என்று ஒரு தனி அளவைக் கண்டுபிடித்து வெளியிட ஆரம்பித்தார்கள். நம்மிடமும் தேசியப் புள்ளியியல் அலுவலகம் அளிப்பு, பயன்பாடு அட்டவணைகளை வெளியிடுகிறது. எந்தத் தொழில் எந்தப் பொருளை எவ்வளவு வாங்குகிறது என்பது அதில் இருக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு, நாடுகளின் ஏற்றுமதியில் வெளிநாட்டுப் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் தரவுத்தளமே வைத்திருக்கிறது, இந்தியாவும் அதில் உண்டு. செய்ய முடியாத வேலை அல்ல. யாரும் வற்புறுத்திக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறீர்கள். திருப்பூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தனித்தனி எம்.பி. உண்டு, ஆளுக்கொரு கட்சி என்றாலும் இந்தக் கேள்விக்குக் கட்சி வேண்டாம். வணிகத்துறை அமைச்சருக்கு அடுத்த கூட்டத்தொடரில் இப்படி எழுதிக் கொடுக்கலாம்:

(அ) கடந்த ஐந்து நிதியாண்டுகளில் ஆயத்த ஆடை, நூல், மின்னணுப் பொருள், பெட்ரோலியப் பொருள், வைரம் ஆகியவற்றின் ஏற்றுமதித் தொகையில் உள்நாட்டில் சேர்ந்த மதிப்பு எத்தனை சதவீதம்?

(ஆ) மாதாந்திர ஏற்றுமதி அறிக்கையோடு, வருடம் ஒரு முறையாவது, துறைவாரியாக இந்த விவரத்தை வெளியிட அரசு முன்வருமா? இல்லையென்றால் காரணம் என்ன?

(இ) ஊக்கத்தொகைத் திட்டங்களில் விற்பனைத் தொகைக்குப் பதிலாக உள்நாட்டு மதிப்பையும் கொடுத்த வேலைவாய்ப்பையும் அடிப்படையாக வைக்கும் யோசனை உண்டா?

(ஈ) பஞ்சு மீதான இறக்குமதி வரியால் 2021 முதல் அரசுக்கு வந்த வருவாய் எவ்வளவு, அதே காலத்தில் ஆடை ஏற்றுமதியில் ஏற்பட்ட பாதிப்பை அரசு மதிப்பிட்டதா?

எண்ணிப் பார்த்துவிட்டேன், மக்களவை விதிகள் அனுமதிக்கும் 150 சொற்களுக்குள் வருகிறது. முன்னறிவிப்புக்குப் பதினைந்து நாள் வேண்டும். பதில் வந்ததும் அதை அப்படியே எங்களுக்கும் தெரியும்படி வெளியிடுங்கள். உள்ளே வரும் எண்களைக் காஸ்டிங் ஷீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க இந்த ஊரில் ஆள் நிறைய உண்டு.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு ஷிப்பிங் பில் குமாஸ்தா